நாற்பத்தெட்டா, ஐம்பத்தொன்றா?

பெண் பிள்ளையை பாக்ஸிங் கற்றுக்கொள்ள அழைத்துவரும் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது மூக்கைப் பற்றித்தான். "மூக்கு கீக்கு உடைஞ்சிடுமாம்மா?" என்பார்கள். தலைக்கு ஹெட்கார்டு இருக்கிறது, பல்லுக்கு கம்ஷீல்டு இருக்கிறது, முதல் ஆறு மாதம் எதிரில் ஆளே நிறுத்த மாட்டேன் என்று சொல்வேன். முகம் தெளிந்து கிளம்பிவிடுவார்கள். எடை பார்க்கும் மெஷினைப் பற்றி இதுவரை ஒரு அம்மாகூடக் கேட்டதில்லை. எட்டு வருடம் ரிங்கில் இருந்த எனக்கு எந்த எதிராளியும் செய்யாத கெடுதலை அந்த மெஷின்தான் செய்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் வடசென்னை. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பெரியப்பா வாலிபத்தில் ரிங் ஏறியவர். எங்கள் பக்கம் குத்துச்சண்டை புதிதில்லை. பேட்டைக்கு ஒரு பரம்பரை, பரம்பரைக்கு ஒரு வாத்தியார். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜன் பெயரைச் சொல்லித்தான் விடியற்காலையில் பையன்களை எழுப்பி ஓடவிடுவார்கள். பெண்கள் ஓடியதில்லை. வேடிக்கை பார்க்கப் போனதும் இல்லை.

2001 பிப்ரவரியில் பெண்களுக்கான முதல் தேசிய குத்துச்சண்டைப் போட்டி நடந்தது சென்னையில்தான். எனக்கு அப்போது 14 வயது. "வா, பொம்பளப் பசங்க அடிக்கிறத காட்டுறேன்" என்று பெரியப்பா கூட்டிப்போனார். மணிப்பூர், ஹரியானா, கேரளா என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா என் தாடையைப் பிடித்துக் கீழே திருப்பினார். "கைய பாக்காத. கால பாரு. கால்தான் அடிக்குது, கை சும்மா போய் சேருது." மணிப்பூர்ப் பெண்களின் கால்கள் கோலம் போடுகிற மாதிரி நகர்ந்தன. அடித்துவிட்டு அடித்த இடத்தில் நிற்காத கால்கள். அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியவர்களில் ஒருவர் மேரி கோம். அவருக்கு 18 வயது, பாக்ஸிங்கைத் தொடங்கி ஒரு வருடம் போல ஆகியிருந்தது. அரங்கில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

மறுவாரமே நான் கை கட்ட ஆரம்பித்துவிட்டேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோதும் ஒரே பேச்சுதான்: "மூஞ்சி கோணிக்கினா எவன்டி உன்னைக் கட்டிக்குவான்?" மேரி கோம் வீட்டிலும் இதே பேச்சு ஓடியிருக்கிறது என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. சுராசந்த்பூர் மாவட்டத்தில் காங்கதேய் என்ற கிராமம், நிலத்தில் பாடுபட்டுப் பிழைத்த பெற்றோர். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர் பாக்ஸர் டிங்கோ சிங் வாங்கிய தங்கம் மணிப்பூர்ப் பிள்ளைகளையெல்லாம் கிளப்பிவிட்டது, இவரையும்தான். இம்பாலில் வீட்டுக்குத் தெரியாமல் பயிற்சி. 2000இல் மாநிலப் போட்டியில் ஜெயித்துப் படம் பத்திரிகையில் வந்த பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. முகத்தில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவரும் பயந்திருக்கிறார். மணிப்பூராவது, காசிமேடாவது!

கை கட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் பலரும் அவசரப்படுகிறார்கள். கட்டுத்துணியின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு இறக்கி மூன்று சுற்று. அங்கிருந்து விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று. அப்புறம் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து மறுபடி மணிக்கட்டுக்கு வர வேண்டும். சுற்றும்போது விரல்களை விரித்தே வைத்திருக்க வேண்டும். கட்டி முடித்ததும் முஷ்டி பிடித்தால் இறுக வேண்டும், விரித்தால் தெரியவே கூடாது. விரல் நுனி நீலம் பாய்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. என் வலது கை மோதிரவிரல் முட்டி இன்றைக்கும் உள்ளே அமுங்கித்தான் இருக்கும். பதினைந்து வயதில் அரைகுறையாகக் கட்டிக்கொண்டு பேக்கில், அதாவது தொங்கும் குத்துப்பையில், குத்தியதற்கு அதுதான் சாட்சி. கட்டுத்துணியை யாருக்கும் இரவல் கொடுக்காதே, தினமும் துவைத்துக் காயப்போடு என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

சரி, எடைக்கு வருகிறேன்.

எனக்கு 19 வயதாகும்போது, நன்றாகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்து, காலை வெறும் வயிற்றில் 53 கிலோ. நியாயமாக 54 கிலோ வரைக்குமான பிரிவில் ஆடியிருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே ஒரு சீனியர் அக்கா இருந்தார். அப்போது இருந்த 52இலும் 50இலும்கூட ஆள் இருந்தது. ஒரு அணிக்கு ஒரு எடைப் பிரிவில் ஒரு ஆள்தான். "நாப்பத்தெட்டு காலியா இருக்கு, இறக்கிடு" என்றார் அப்போதைய மாஸ்டர். பத்து நாளில் ஐந்து கிலோ. அதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னை வெயிலில் உடம்பில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடினேன். கடைசி ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. புளிப்பு மிட்டாயைச் சப்பிச் சப்பி எச்சிலை பாட்டிலில் துப்பினேன். எடை பார்க்கும் காலையில் 47.9 காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் அது பெரிய சாதனையாகத்தான் தெரிந்தது.

எங்கள் விளையாட்டில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. எடை ஒரே ஒருமுறை பார்ப்பதில்லை. எந்த நாள் உனக்கு பவுட், அதாவது மோதல், இருக்கிறதோ அந்த நாள் காலையிலும் மெஷினில் ஏற வேண்டும். முதல் நாள் ஜெயித்தேன். இரவு பசி தாங்காமல் சோறும் தண்ணீரும் உள்ளே போனதும் உடம்பு பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் காலை மறுபடி ஒன்றரை கிலோ கூடுதல். மறுபடி ஸ்வெட்டர், மறுபடி ஓட்டம். மெஷினில் ஏறி இறங்கியதும் சுவரைப் பிடித்தேன், அதற்குப் பிறகு தரைதான் நினைவிருக்கிறது. ஒரு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அன்று மாலை ரிங்கிலும் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் கையைத் தூக்கி முகத்துக்கு கார்டு வைக்க முடியவில்லை. கை எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. ரெஃப்ரி நிறுத்தினார். அவர் நல்ல மனிதர், இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் தலையில் விழும் அடி சாதாரண அடி இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மேரி கோமின் பதக்கப் பட்டியலை எல்லோரும் தங்கம், வெள்ளி என்று படிப்பார்கள். நான் அதை எடையாகப் படிக்கிறேன். 2001இல் அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில் முதல் உலகப் போட்டி, 48 கிலோவில் வெள்ளி. 2002இல் துருக்கியின் அன்டால்யாவில் 45 கிலோவில் தங்கம். 2005இல் ரஷ்யாவில், 2006இல் டெல்லியில், 2008இல் சீனாவின் நிங்போவில் 46 கிலோ, மூன்றிலும் தங்கம். 2010இல் பார்படோஸில் 48 கிலோ, ஐந்தாவது தங்கம். அந்த உடம்புக்கு ஏற்ற இடம் அதுதான் என்று இந்த எண்களே சொல்லும்.

ஒலிம்பிக்குக்கு அந்த இடம் இல்லை. 2009 ஆகஸ்டில்தான் பெண்கள் பாக்ஸிங்கை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். 2012 லண்டனில் ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவு, பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. ஐந்து உலகத் தங்கம் வைத்திருந்த ஒரு பெண் தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு மோதித்தான் ஆக வேண்டும். அவர் புலம்பவில்லை. சாப்பிட்டு, தசை ஏற்றி, ஏறினார். போலந்தின் மிச்சால்சுக்கை 19-14, துனீசியாவின் ரஹாலியை 15-6 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போனார். அங்கே பிரிட்டனின் நிகோலா ஆடம்ஸிடம் 6-11. அந்த பவுட்டை என் பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவேன். மேரி உள்ளே நுழைய வேண்டும், நுழைந்தால்தான் அவர் கை எட்டும். ஆடம்ஸ் ஒரு அடி பின்னால் வைத்து நீளக் கையால் நிறுத்திவிடுகிறார். திறமையில் குறைவு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டாத தூரம் அது. அந்த வெண்கலத்தை நான் தங்கத்துக்கு மேலே வைப்பேன், யார் என்ன சொன்னாலும்.

அவர் கீழே இறங்கி எடை குறைத்த கதையும் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வேன். 2018 செப்டம்பரில் போலந்தில் ஒரு போட்டி. அதிகாலை மூன்று மணிக்கு மேல் போய் இறங்குகிறார். ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும். 48 கிலோவுக்கு இரண்டு கிலோ அதிகம். ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் போட்டு அதை இறக்கி, போட்டியில் தங்கமும் வாங்கினார். இந்தச் செய்தி வந்தபோது வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் எனக்கு அனுப்பினார்கள்! "பாரு, மனசு வெச்சா நாலு மணி நேரத்துல ரெண்டு கிலோ." எனக்கு வயிறு கலங்கியது. பதினெட்டு வருடம் தன் உடம்பைப் படித்த ஒருவர், அது எவ்வளவு தாங்கும் என்று அறிந்து செய்த வேலை அது. பதினாறு வயதுப் பிள்ளை செய்ய வேண்டிய வேலை இல்லை. 2024 பாரிஸில் வினேஷ் போகத் 100 கிராமுக்காக இறுதிப்போட்டி நாளில் வெளியே வந்ததை நாடே பார்த்தது. அது மல்யுத்தம்தான், ஆனால் அதற்கு முந்தைய இரவு அவர் பட்ட பாடு எங்களுக்கும் தெரிந்த பாடு. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் முறை இது. பிள்ளை எந்தப் பிரிவு என்பதை நானும் முடிவு செய்ய மாட்டேன், காலியிடமும் முடிவு செய்யாது. இரண்டு வாரம் தினமும் காலையில், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்த நாட்களில் வழக்கமாகச் சாப்பிட்டு, வழக்கமாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். நடுவாக வரும் எண்தான் அவள் எடை. அதற்கு மேல் இருக்கும் பிரிவில்தான் பெயர் கொடுப்பேன். வளரும் பிள்ளைக்கு எடைக்குறைப்பே கிடையாது. வளர்ச்சி முடிந்தவள் என்றால் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றரை, அதுவும் ஆறு வாரத்தில். பஜ்ஜி, பிஸ்கட், டீயில் போடும் சர்க்கரையை நிறுத்தினாலே பாதி இறங்கிவிடும். கூழ், முட்டை, சுண்டல், மீன் குழம்பு எதையும் நிறுத்தக் கூடாது. நீர் பிரிய மாத்திரை போடச் சொல்லி யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டே வந்துவிடு. அது உடம்புக்கும் கேடு, ஊக்கமருந்துத் தடைப்பட்டியலிலும் இருக்கிறது.

மாதவிலக்கு வரும் தேதியையும் அதே நோட்டில் எழுத வைப்பேன். அதற்கு முந்தைய சில நாட்களில் உடம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ வரை மெஷின் கூட்டிக் காட்டலாம். இது தெரியாமல் "நான் குண்டாயிட்டேன்" என்று அழுத பிள்ளைகள் உண்டு. மூன்று மாதம் வராமல் நின்றுபோனால் சந்தோஷப்படக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு ஐந்து மாதம் நின்றது, அதைத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஆண் மாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் சொல்லாமலே இருந்தேன். அதனால்தான் இப்போது நானே முதலில் பேச்சை எடுக்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகு திரும்ப வருவதைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். மேரி கோமுக்கு 2007 ஆகஸ்டில் இரட்டைக் குழந்தைகள், ஆபரேஷன் செய்துதான் பிறந்தார்கள். அடுத்த வருடமே குவாஹாட்டியில் ஆசியப் போட்டியில் வெள்ளி, நவம்பரில் நிங்போவில் தங்கம். அந்த நிங்போ செய்தியைப் படித்த தைரியத்தில்தான் நான் 2009இல் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். திரும்ப வந்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கும் ஆபரேஷன்தான். ஐம்பதாவது நாள் யாரையும் கேட்காமல் மொட்டைமாடியில் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தேன். இருபது குதிப்பு போடுவதற்குள் தையல் போட்ட இடத்தில் சுரீர் என்றது, சிறுநீரும் கசிந்துவிட்டது. வெட்கத்தில் கயிற்றைச் சுருட்டி பரணில் போட்டுவிட்டேன். திரும்ப இறக்க நாலு வருடம் ஆனது, அதற்குள் என் போட்டிக் காலம் முடிந்துவிட்டது.

அது பல தாய்மார்களுக்கு நடப்பதுதான், அடிவயிற்றுத் தசைக்கென்று பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார் என்று அன்றைக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம். இப்போது நான் சொல்கிறேன்: டாக்டர் சரி என்ற பிறகு முதலில் நடை. பிறகு அடிவயிற்றுப் பயிற்சி. பிறகு எதிரில் ஆள் இல்லாமல் காற்றில் குத்தும் நிழல் குத்து, அப்புறம் பேக். குதிப்பும் ஓட்டமும் அதற்கு அப்புறம். எதிரில் ஆளை வைத்து அடிக்கும் ஸ்பாரிங் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். கூட, வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். மேரி கோம் முகாமுக்குப் போனபோது குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். அது இல்லாமல் மனவலிமை மட்டும் எதுவும் செய்யாது. என் வீட்டில் அது இல்லை.

ரிங்குக்குள் நடப்பதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2021 ஜூலையில் டோக்கியோவில் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்று தோற்றார். ரிங்கைவிட்டு இறங்கிய பிறகும் தான் ஜெயித்ததாகவே நினைத்திருந்ததாக அவரே சொன்னார். நினைத்ததில் தப்பில்லை. இரண்டாம், மூன்றாம் ரவுண்டுகளில் ஐந்து நடுவர்களில் மூவர் அவருக்குத்தான் கொடுத்தார்கள். முதல் ரவுண்டில் நால்வர் எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நடுவரின் மூன்று ரவுண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தபோது அங்கேயே போய்விட்டது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்கோரில் விழுந்த குத்தை எண்ணிக் கூட்டுவார்கள், பின்னால் பிடித்துவிடலாம். இப்போது ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு. மூன்றே ரவுண்டு. முதல் மூன்று நிமிடத்தை "ஆளைப் படிக்கிறேன்" என்று விட்டுக்கொடுத்தால் மிச்ச இரண்டையும் அதே நடுவர்களிடம் எடுத்தே ஆக வேண்டும். அதனால் பயிற்சியிலேயே உடம்பைச் சூடாக்கிவிட்டு, வியர்வையோடு முதல் ரவுண்டைத் தொடங்கச் சொல்கிறேன். முதல் ஜாப், அதாவது முன்கைக் குத்து, நம்முடையதாக இருக்கட்டும்.

வேலை விஷயம் சுருக்கமாக. 2005 வாக்கில் மணிப்பூர் போலீஸில் மேரி கோமுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சம்பளமில்லாமல் அதற்குப் பிறகான வருடங்களை யோசிக்க முடியாது. நம் பிள்ளைகள் மெடலை ஆணியில் மாட்டிவிட்டு சான்றிதழைத் தொலைத்துவிடுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். போட்டி முடிந்த சூட்டோடு வாங்கி, மூன்று நகல் எடுத்து வை. நான் ஆறு வருடம் கழித்துப் போய்க் கேட்டேன், பதிவேடே இல்லை என்றார்கள். இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை மாநகராட்சி மைதானத்தில் பதினொரு பெண் பிள்ளைகள்.

2018 நவம்பர் 24 அன்று டெல்லியில் மேரி கோம் உக்ரைனின் ஹன்னா ஒஹோட்டாவை 5-0 என்று ஜெயித்து ஆறாவது உலகத் தங்கம் வாங்கியபோது கடையில் வேலையாக இருந்தேன். 48 கிலோ. மூன்று பிள்ளைகளின் தாய். அவர் அழுததை போனில் பார்த்து, சேலை அடுக்கின் பின்னால் போய் நானும் அழுதேன். அடுத்த வருடம் ஒலிம்பிக்குக்காக மறுபடி 51க்கு ஏறிப் போனார், வெண்கலம். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் மீனாட்சி ஹூடா 48 கிலோவில் உலகத் தங்கம் வாங்கிவிட்டு வந்ததிலிருந்து என் பிள்ளைகளுக்கு மறுபடி அந்த எண் மேல் ஆசை.

என்னிடம் இருக்கும் ஒருத்திக்கு 17 வயது. நல்ல இடதுகை, காலும் நன்றாக நகர்கிறது. நோட்டில் இரண்டு வாரமாக 49.2, 49.6, 49.4. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. நேற்று வரும்போதே முகம் வாடியிருந்தது. முதல் நாள் இரவு சாப்பிடவில்லையாம். "அக்கா, ஒன்றரை கிலோதானே, எறக்கிடறேன்க்கா. ஐம்பத்தொன்னுல எல்லாம் ஒசரமா இருக்காளுங்க."

"ஒசரமா இருந்தா உள்ள போகக் கத்துக்க. அதுக்குத்தான் கால்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்ட உட்கார்ந்தாள். நான் அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தேன். நாலு இட்லி, இரண்டு அவித்த முட்டை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இட்லியை மெதுவாகப் பிய்த்தாள், மூன்றாவதுக்கு வரும்போது வேகம் வந்துவிட்டது. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் படிவத்தில் 51 என்று எழுதிவிட்டேன்.